காசு கொடுத்து வாங்கிய முகம்

தமிழ்நாட்டில் புகைப்படத்தின் வரலாறு என்று எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி கோயில்களின் வரலாறு. 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-இன் ஆரம்பத்தில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்து மலைக்கோட்டையையும் கோபுரங்களையும் எடுத்தார். மெழுகேற்றிய காகித நெகடிவ்கள். அபாரமான படங்கள். ஆனால் அவற்றில் ஏறக்குறைய ஆளே இல்லை. நெடுநேரம் திறந்திருக்கும் லென்சுக்கு முன்னால் நடமாடுகிறவன் பதிவாகமாட்டான் என்பது ஒரு காரணம். கல்லைப் பதிவு செய்ய வந்தவருக்கு அவன் அவசியமாகவும் இல்லை. 1859-இல் கவர்னர் ட்ரெவெலியன் இந்தச் செலவு கட்டாது என்று வேலையையே நிறுத்திவிட்டார். ட்ரைப்புக்கு உதவியாளராக இருந்த சி. ஐயாசாமிக்கு வரலாற்றில் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு.

ட்ரைப்புக்கு முன்பே திருச்சியில் முகங்கள் விற்பனையாகிக்கொண்டிருந்தன. மைக்கா என்கிற காக்காய்ப்பொன் தகட்டில் வண்ணான், நாவிதன், சேவகன், பல்லக்குத் தூக்கி என்று தொழில்வாரியாக வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். அவை வகை மாதிரிகளே தவிர ஆட்கள் அல்ல. இந்தியாவில் வரையப்பட்ட மைக்கா படங்களில் இன்னொரு தினுசும் உண்டு: அட்டையில் ஒரே ஒரு முகம் இருக்கும், உடைகள் மட்டும் வரைந்த கண்ணாடி மாதிரித் தகடுகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தால் அந்த முகமே பக்கிரியாகும், சிப்பாயாகும். உடைதான் மனிதன், முகம் அதைத் தாங்கும் ஆணி.

ஸ்டுடியோ இதைத் தலைகீழாக்கியது. அங்கே மாட்டியிருந்தது ஒரே கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு போனவை நூறு முகங்கள்.

1880-களில் தொழிற்சாலையில் செய்த உலர் பிளேட்டுகள் பரவிய பிறகுதான் இது சாத்தியமாயிற்று. அதற்கு முன் படமெடுக்கிறவரே கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். பிளேட் பெட்டியில் வந்ததும் கொஞ்சம் முதலும் வடக்குப் பார்த்த வெளிச்சமும் உள்ளவன் கடை போட முடிந்தது. தொழிலைக் கற்றது பெரும்பாலும் எடுபிடியாகச் சேர்ந்துதான். கூட்டுவது, தண்ணீர் சுமப்பது, ஹைப்போவில் கழுவுவது, பிரிண்ட் போடுவது, பிறகு நெகடிவில் சீவிய பென்சிலால் டச்சிங். கேமராவைத் தொடுவது கடைசியில். ஒரு பிளேட் வீணானால் அன்றைய லாபம் போயிற்று. அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்பதன் பொருளாதாரம் இது. ‘ஆடாதீங்க’ என்றது அழகியல் கட்டளை அல்ல.

இதே திருச்சியில் ரயில்வே டிராப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டர் வாங்கி, வேலையை விட்டு, ஊர் ஊராகச் சினிமா காட்டப் புறப்பட்டார். அவரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. அதே துணிச்சலோடு கடைவீதி மாடியில் தட்டி அடைத்து ஸ்க்ரீன் தொங்கவிட்டவனைப் பற்றி நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. கலை என்று நாம் ஒப்புக்கொள்ளும் ஒன்றின் முன்னோடியாக அவன் இல்லாததுதான் காரணம்.

சிறுபத்திரிகை வட்டத்து நண்பர் ஒருவர், ஸ்டுடியோ படம் போலியின் உச்சம் என்பார். இரவல் கோட்டு, ஓடாத கடிகாரம், துணியில் எழுதிய மாளிகை. யதார்த்தம் என்பதை நாம் எவ்வளவு குறுகலாகப் புரிந்து வைத்திருக்கிறோம் என்பதற்கு இது அடையாளம். துணி மாளிகை பொய் என்பது அதன் முன்னால் நின்றவனுக்கும் தெரியும். அரசாங்கமோ துரையோ கேட்காமல், தன் காசில், தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அவனே தீர்மானித்தான். நம் நாவல்களில் தனிமனிதன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்த அதே காலத்தில் இது கடைவீதியிலும் நடந்திருக்கிறது. அந்தக் காசு இல்லாதவன் உள்ளே வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உயிரோடிருக்கும்போது வராதவர்கள் செத்த பிறகு வந்தார்கள். அல்லது கேமரா அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்தவர்களுக்கு அந்தப் பயம் இனி இல்லை. நாற்காலியில் சாத்திவைத்து, சுற்றி உறவுக்காரர்கள் நிற்க எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, மூடிய இமைமேல் கண் எழுதிக் கொடுத்தார்கள். சிற்பி விக்கிரகத்துக்குக் கடைசியில் கண் திறப்பதை நாம் மரபு என்கிறோம். இருட்டறைக்குப் பக்கத்தில் ஒருவன் மயிர்த்தூரிகையால் அதையே செய்தபோது டச்சிங் என்றோம். அந்தப் படத்துக்கு வீட்டில் பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள். அவர்களுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை.

நான் குமாஸ்தாவாக இருக்கும் பாங்க் காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். 1868-இல் தொடங்கி 1927-இல் விரிவாக்கப்பட்ட மார்க்கெட். அதன் அருகில் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் ஒன்றிருக்கிறது. இந்த நகரத்திலிருந்து போனவர்கள் 302 பேர், உயிர் கொடுத்தவர்கள் 41 பேர் என்கிறது கல்வெட்டு. எண்ணிக்கை உண்டு, ஒரு பெயர் இல்லை. என் மேஜைக்கு வரும் பென்ஷன் காகிதங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தெடுத்த படம் ஒட்டியிருக்க வேண்டும். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, அரசாங்கம் கேட்டதற்காக ஸ்டுடியோவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த சங்கடம் அந்தப் படங்களில் தெரிகிறது. அடையாள அட்டைகளுக்கு இப்போது அலுவலகமே படமெடுத்துக்கொள்கிறது. அதில் எப்படித் தெரிய வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. ட்ரைப்பின் எஜமானர்களிடம் கேமரா திரும்பிப் போய்விட்டது.

ஸ்டுடியோக்கள் மூடியபோது நெகடிவ்கள் என்னவாயின? பழைய ஹைப்போவிலும் பிளேட்டிலும் வெள்ளி இருக்கிறது. அதற்காக எடைக்குப் போட்டார்கள். படலத்தைச் சுரண்டிய கண்ணாடி பிரேம் போட உதவிற்று. ஒருவனுடைய முகத்தை அழித்த கண்ணாடி இன்னொருவன் படத்துக்குக் காப்பாயிற்று. மிஞ்சியவற்றில் சிலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 2010-களில் ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்தார்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கு இது தோன்றவில்லை. இப்படி மிஞ்சிய படங்களின் பின்பக்கம் பெரும்பாலும் கடையின் முத்திரை இருக்கும். உட்கார்ந்திருப்பவர் பெயர் இராது. வீட்டிலிருப்பவர்களுக்கு அது யாரென்று தெரியும் என்பதால் எழுதவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.