இரகசிய கேமராவும் செய்தியாளர் பொறுப்பும்: வகுப்பறைக்கு ஒரு வரலாறு



"டீச்சர், வீடியோவே இருக்கு! அப்புறம் என்ன சந்தேகம்?" இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்தும் நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். புலனத்தில் ஒரு காணொலி வந்துவிட்டால் மாணவர்களுக்கு அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு. நாமும் "எல்லாத்தையும் நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பதில் போதாது. எதை நம்பலாம், எதைப் பார்த்து நம்பலாம் என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டும் இல்லையா?

அதற்கு இரகசிய கேமராவின் வரலாறு நல்ல துணை. ஒருபக்கம், இங்கே பினாங்கில் பிறந்த ஒரு நாளிதழின் இளைஞர் குழு மறைத்து எடுத்த படங்கள் நம் நாட்டில் ஒரு சட்டம் பிறக்கத் துணை நின்றன. இன்னொரு பக்கம், டெல்லியில் ஓர் ஆசிரியையின் வாழ்க்கையை இதே கருவி சின்னாபின்னமாக்கியது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்களுக்கு விளக்க முடிந்தால் பாடம் முடிந்த மாதிரிதான்.

கேமராவுக்கு முன்பே வேடம்

செய்தியாளர் வேடம் போடுவது தொலைக்காட்சி கண்டுபிடித்த வேலை இல்லை. 1885இல் லண்டனில் 'பால் மால் கெசட்' பத்திரிகையின் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட், ஏழை வீட்டுச் சிறுமிகள் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவதை நிரூபிக்க நினைத்தார். அதற்காக 13 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாமே ஆள் வைத்து விலைக்கு வாங்கிக் காட்டினார். கட்டுரைகள் ஜூலையில் வந்தன. ஊரே கொந்தளித்தது. ஆகஸ்டு மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பெண்களின் சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தியது.

ஆனால் சிறுமியின் தந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதனால் ஸ்டெட் மீதே வழக்கு வந்தது. 3 மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதற்குக் கருவியானது ஒன்றும் அறியாத ஒரு குழந்தை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1887இல் நியூயார்க்கில் நெல்லி பிளை என்ற இளம் பெண் செய்தியாளர் மனநோயாளி போல நடித்து, பெண்களுக்கான மனநோய் விடுதிக்குள் 10 நாள் இருந்தார். கெட்டுப்போன சாப்பாடு, குளிர்ந்த நீர்க் குளியல், அடி, உதை எல்லாவற்றையும் நேரில் கண்டும் அனுபவித்தும் எழுதினார். அதிகாரிகள் விசாரித்தார்கள், விடுதிகளுக்குப் பண ஒதுக்கீடு கூடியது. இங்கே ஆபத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டவர் செய்தியாளர். ஸ்டெட்டுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தொலைக்காட்சி வந்த பிறகு

இரகசிய கேமரா தொலைக்காட்சிக்குள் நுழைந்தது சிரிக்க வைக்கத்தான். அமெரிக்காவில் 1948இல் ஆலன் ஃபண்ட் தொடங்கிய 'கேண்டிட் கேமரா' நிகழ்ச்சி, ஒன்றும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் ஆட்களின் முகத்தைக் காட்டி ரசிகர்களைச் சேர்த்தது. பிற்பாடு செய்திப் பிரிவினரும் அதே உத்தியைக் கையில் எடுத்தார்கள்.

1992இல் ஏபிசி தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பொய்யான விவரம் கொடுத்து 'ஃபுட் லயன்' என்ற பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கெட்ட இறைச்சி மறுபடியும் விற்பனைக்குப் போகிறது என்று இரகசியமாகப் படம் எடுத்துக் காட்டினார்கள். அந்நிறுவனம் வழக்கு போட்டபோது செய்தி பொய் என்று அவதூறு வழக்கு போடவில்லை. 'பொய் சொல்லி உள்ளே வந்தார்கள்' என்றுதான் போட்டது. 1997இல் ஜூரி 55 லட்சம் டாலர் அபராத இழப்பீடு விதித்தது. 1999இல் மேல்முறையீட்டில் மிஞ்சியது வெறும் 2 டாலர்! தொகை சிறியதுதான். ஆனாலும் செய்தி வெளிவந்து ஏழு ஆண்டுவரை, உள்ளே நுழைந்த விதத்துக்கு அவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அதே நாட்டில் என்பிசி தொலைக்காட்சி 2004 முதல் நடத்திய ஒரு நிகழ்ச்சி, சிறுவர்களை இணையத்தில் வலைவீசும் ஆண்களை வரவழைத்து கேமரா முன் நிறுத்தியது. பெரும் வரவேற்பு. 2006 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தில், போலீசும் படப்பிடிப்புக் குழுவும் ஒரு சந்தேக நபரின் வீட்டுக்கே போனபோது அவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். குடும்பத்தார் வழக்கு தொடுத்தார்கள். 2008இல் சமரசம் ஆனது. குற்றத்தை வெளிக்கொண்டு வருவதும் பிடிபடுவதைக் காட்சியாக்கி விற்பதும் ஒன்றல்ல என்பதை அந்த நாடு அன்று யோசிக்க வேண்டி வந்தது.

டெல்லியில் ஓர் ஆசிரியை

இந்தியாவில் இரகசிய கேமரா செய்த நல்ல காரியங்களும் உண்டு. 2005 டிசம்பரில், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்குக் காசு வாங்கிய உறுப்பினர்களைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அதே மாதம் 11 பேர் பதவி இழந்தார்கள்.

இரண்டே ஆண்டில் கதை தலைகீழானது. 2007 ஆகஸ்டு 30 அன்று 'லைவ் இந்தியா' என்ற தொலைக்காட்சி, டெல்லி அரசுப் பெண்கள் பள்ளியின் கணித ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுவதாக ஓர் இரகசியப் பதிவை ஒளிபரப்பியது. பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடியது. ஆசிரியையை அடித்தார்கள், உடையைக் கிழித்தார்கள். வேலையும் போனது, கைதும் ஆனார்.

போலீஸ் விசாரித்தபோது, 'பாதிக்கப்பட்ட மாணவி'யாக வந்தவர் மாணவியே இல்லை என்று தெரிந்தது. செய்தித் துறையில் நுழைய ஆசைப்பட்ட ஓர் இளம்பெண் அவர். ஆசிரியையோடு பணத் தகராறு கொண்ட ஒருவரும் பின்னணியில் இருந்தார். செய்தியாளர் கைது செய்யப்பட்டார். தொலைக்காட்சிக்கு ஒரு மாதத் தடை. டெல்லி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்து, இரகசியப் பதிவுகளுக்கு நெறிமுறைகளை முன்வைத்தது.

ஆசிரியர்களே, அந்த ஒளிபரப்பைப் பார்த்தவர்களும் அன்று "வீடியோவே இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம் நாட்டில்: ஒரு பதிவும் ஓர் ஆணையமும்

2007 செப்டம்பரில் அன்வார் இப்ராஹிம் ஒரு காணொலியை வெளியிட்டார். வழக்கறிஞர் வி. கே. லிங்கம், நீதிபதிகளின் நியமனம் பற்றித் தொலைபேசியில் பேசும் காட்சி அது. 2001இல் அவருடைய வீட்டிலேயே, அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 2,000 பேர், பெரும்பாலும் வழக்கறிஞர்கள், புத்ராஜெயாவில் நடந்தே போய்த் தங்கள் கோரிக்கையைக் கொடுத்தார்கள்.

காணொலியோடு விஷயம் நின்றுவிடவில்லை. அரச விசாரணை ஆணையம் அமைந்தது. படம் எடுத்தவர் 2008 ஜனவரியில் நேரில் வந்து, 'நான்தான் எடுத்தேன்' என்று சாட்சி சொன்னார். நிபுணர்கள் பதிவைச் சோதித்தார்கள். லிங்கத்தின் பக்கமும் கேட்கப்பட்டது. அதன் பிறகே பதிவு உண்மையானது என்று ஆணையம் முடிவுக்கு வந்தது. 2009இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் வந்தது. இதை முழுவதுமாக அந்தச் சில நிமிடக் காணொலியே செய்துவிடவில்லை. அதற்குப் பின்னால் நின்ற சாட்சியும் சோதனையும்தான் அதற்கு எடை கொடுத்தன.

பினாங்கில் பிறந்த நாளிதழ்

அச்சுத் தொழிலில் பினாங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. மலாயாவின் முதல் செய்தித்தாள் 1806இல் இங்கேதான் வெளிவந்தது. 'தி ஸ்டார்' நாளிதழும் 1971 செப்டம்பர் 9 அன்று பினாங்கில்தான் பிறந்தது. 1976இல் நாடு முழுவதும் போகத் தொடங்கியது. 1987இல் 'ஓப்பராசி லாலாங்' சமயம் உரிமம் பறிக்கப்பட்டு, 1988 மார்ச்சில்தான் திரும்ப வந்தது.

அந்த நாளிதழின் 'ரேஜ்' என்ற இளைஞர் செய்திக்குழு, 2016இல் கைப்பேசி வழியாகச் சிறுமிகளை வசப்படுத்தும் ஆண்களைப் பற்றி விசாரித்தது. செய்தியாளர்கள் 15 வயதுச் சிறுமிகள் போல உரையாடல் செயலிகளில் பேசினார்கள். சந்திக்க வரச்சொன்ன ஆண்களை நேரில் சந்தித்து, இரகசிய கேமராவில் பதிவு செய்தார்கள். ஸ்டெட்டின் கதையை இங்கே ஒப்பிட்டுப் பாருங்களேன். இவர்கள் உண்மையான குழந்தை யாரையும் அந்த ஆட்களின் முன்னால் நிறுத்தவில்லை. வேடம் போட்டவர்கள் பெரியவர்கள்.

அப்போது நம் நாட்டில், குழந்தையிடம் நயமாகப் பேசிப் பழக்கி வசப்படுத்துவது தனிக் குற்றமாகச் சட்டத்தில் இல்லை. அதே 2016 ஜூனில், மலேசியக் குழந்தைகளைச் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கல் என்ற ஆங்கிலேயருக்கு லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனை விதித்திருந்தது. மக்கள் அதிர்ந்து போயிருந்தார்கள். ரேஜ் குழு படத்தை வெளியிட்டதோடு நிற்காமல், சட்டம் வேண்டும் என்று கட்சி வேறுபாடு பார்க்காமல் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டியது. சமூக அமைப்புகளும் அரசுத் தரப்பிலும் பலர் உழைத்தார்கள். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறி, ஜூலை 10 முதல் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அப்படி வசப்படுத்துவது இப்போது குற்றம்.

இன்றைய நிலை

இப்படிப்பட்ட புலனாய்வுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டமும் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் இன்னும் இருக்கின்றன. விளம்பரப் பணம் சமூக ஊடகங்களுக்குப் போய்விட்டது. 1924இல் தொடங்கிய நம் 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதை மறந்திருக்க மாட்டீங்க. ஒரே செய்திக்காக ஓர் ஆளை மாதக்கணக்கில் விட்டுவைக்க, மிஞ்சியிருக்கும் நாளிதழ்களில் எத்தனைக்கு முடியும்?

அந்த இடத்தைத்தான் பெயர் தெரியாத காணொலிகள் பிடித்துக்கொள்கின்றன. கேமரா எல்லார் பையிலும் இருக்கிறது. சரிபார்க்கும் ஆள்தான் குறைந்துவிட்டார்.

வகுப்பில் கேட்க நான்கு கேள்விகள்

மேலே சொன்ன நிகழ்வுகளைக் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடட்டும். உயர்நிலைச் சிந்தனைத் திறனுக்கு நல்ல பயிற்சி.

1. எடுத்தவர் யார்? தம் பெயரைச் சொல்லி முன்னால் நிற்கிறாரா?
2. மறைத்து எடுக்காமல், நேராகக் கேட்டு இந்த உண்மையைத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா?
3. முழுப் பதிவையும் யாராவது சோதித்தார்களா? குற்றம் சாட்டப்பட்டவரிடம் பதில் கேட்டார்களா?
4. இதனால் பொதுமக்களுக்கு நன்மை உண்டா, வேடிக்கை மட்டும்தானா? ஆபத்தை ஏற்றுக்கொண்டவர் யார்?

டெல்லிக் காணொலி மூன்றாவது கேள்வியிலேயே விழுந்துவிடும். ஸ்டெட் நான்காவதில் தடுமாறுவார். ஃபுட் லயன் கதையில் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடுவார்கள், வாதாடட்டும், விட்டுவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரேஜ் கதையைக் கேட்டதும் சில மாணவர்களுக்கு "நாமும் பிடிப்போமே" என்று தோன்றும். கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். யாராவது தொல்லை கொடுத்தால் உரையாடலை அழிக்காமல் வைத்திருந்து, நம்பிக்கையான பெரியவரிடம் காட்ட வேண்டும். மாணவர் நம்மிடம் வந்து சொன்னால் நமக்கும் கடமை உண்டு. 2017 சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இத்தகைய குற்றம் தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்கலாம். உதவிக்கு 'தாலியான் காசே' 15999 எண்ணையும் வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சக ஆசிரியரைப் பற்றியோ மாணவரைப் பற்றியோ ஒரு காணொலி நம் புலனக் குழுவுக்கே வந்தால், அதையும் யாருக்கும் அனுப்பாமல் தலைமையாசிரியரிடம் கொண்டு போங்கள். நான்கு கேள்விகளையும் முதலில் நாம் கேட்போம்.