நூறு டாலருக்கு இருபத்தைந்து மாலைகள்: கன்கார்டு லைசியத்தின் கதை

விழா மலர் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் வாழ்த்துரைகளைத் தாண்டிப் படங்களுக்குப் போய்விடுவார்கள். பழைய செயலாளர்களும் பொருளாளர்களும் மட்டும் கடைசிப் பக்கங்களில் வரவு செலவுக் கணக்கைத் தேடுவார்கள். வாழ்த்துரையில் வராத சங்கதியெல்லாம் கணக்கில் வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எழுத்தாளர்களின் பேச்சைக் கேட்கப் பருவம் முழுதுக்கும் சேர்த்துச் சந்தா கட்டும் வழக்கத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, நானும் ஒரு பழைய கணக்கிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன்.

1842-43 குளிர்காலக் கணக்கு அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனிலிருந்து சுமார் இருபது மைல் தொலைவில் கன்கார்டு என்ற ஊர் இருக்கிறது. அப்போது அங்கே இரண்டாயிரம் பேர் அளவில்தான் வசித்தார்கள். ஊரில் லைசியம் என்ற சொற்பொழிவுச் சங்கம் ஒன்று இருந்தது. அந்தப் பருவத்துக்குப் பேச்சாளர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு 25 வயது இளைஞர் ஒருவர் தலையில் விழுந்தது. பென்சில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பெயர் ஹென்றி டேவிட் தோரோ. கூடம், விறகு, விளக்கு எல்லாம் சேர்த்து 100 டாலரில் 25 சொற்பொழிவுகளை அவர் நடத்தி முடித்தார். மாலைக்கு நாலு டாலர் விழுகிறது. நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையின் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி போன்றவர்களும் அந்த ஆண்டு வந்து பேசினார்கள். நூறு டாலரில் ஓர் ஊருக்கு எவ்வளவு செய்ய முடிகிறது என்று தோரோவே பிற்பாடு தன் நாட்குறிப்பில் வியந்திருக்கிறார்.

தொடக்கம்

ஏதென்ஸ் நகரில் அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன இடத்தின் பெயர் லைசியம். அந்தப் பெயரை அமெரிக்கச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தவர் ஜோசையா ஹோல்புரூக். 1788-ல் கனெக்டிகட்டில் பிறந்து யேல் கல்லூரியில் படித்தவர். கல்லும் கனிமமும் என்றால் அவருக்கு உயிர். பள்ளியோடு படிப்பு நின்றுபோன உழவர்களும் தச்சர்களும் ஆலைத் தொழிலாளர்களும் மாலையில் கூடி ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கலாம் என்ற திட்டத்தை 1826-ல் ஒரு கல்வி இதழில் வெளியிட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸின் மில்பரி ஊரில் முதல் கிளை அமைந்தது. 1830-களின் நடுவில் கிளைகள் மூவாயிரத்தை எட்டின என்று சொல்வது வழக்கம். பள்ளிகளுக்கான கருவிகளைச் செய்து விற்பதும் ஹோல்புரூக்கின் தொழில்தான். கொள்கையும் கடையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன. 1854-ல் வர்ஜீனியாவில் கனிமம் தேடிப் போன இடத்தில் தண்ணீரில் விழுந்து இறந்தார்.

கன்கார்டு லைசியம் 1829 ஜனவரியில் தோன்றியது. தொடக்க ஆண்டுகளில் சொற்பொழிவோடு விவாதங்களும் நடந்தன. பனி கொட்டி வயல் வேலை ஓய்ந்தபின் பருவம் தொடங்கும். பெரும்பாலும் புதன்கிழமை மாலையில் கூடுவார்கள். ஒரு வாரம் நிலவியல், மறு வாரம் பழைய ரோமாபுரி, அதற்கடுத்த வாரம் யாராவது ஒரு கவிஞர். சந்தா கட்டியவர்கள் எல்லாவற்றுக்கும் வந்து உட்கார வேண்டியதுதான். தனக்குப் பிடித்த பேச்சாளருக்கு மட்டும் காசு கொடுப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இதன் பலன் மேடையில் நிற்பவருக்கும் போய்ச் சேர்ந்தது. மத போதகர் வேலையை 1832-ல் விட்டு வந்த ரால்ஃப் வால்டோ எமர்சன், பேச்சையே பிழைப்பாக்கிக்கொண்டவர். 1830-களின் நடுவில் கன்கார்டில் குடியேறினார். வெளியூர்களில் பணம் வாங்கிக்கொண்டு பேசியவர், சொந்த ஊரில் லைசியம் கூப்பிட்டபோதெல்லாம் போய்ப் பேசினார். அவர் புகழ்பெற்ற கட்டுரைகளில் பல, அச்சுக்குப் போகும் முன் இப்படிக் கூடங்களில் வாய்விட்டு வாசிக்கப்பட்டவை. எந்த வரியில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்கிறது, எங்கே இருமல் கேட்கிறது என்று பார்த்து எழுதுகிற வசதி வீட்டு மேசையில் கிடையாது.

ஊரார் கேட்ட கேள்விகள்

தோரோவுக்கு நடந்தது இன்னும் சுவையானது. 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தானே கட்டிய குடிலுக்கு அவர் குடிபோனார். ஊரிலிருந்து ஒன்றரை மைல் தூரம்தான். அடுத்த ஆண்டு லைசியத்தில் அவர் முறை வந்தபோது, ஆங்கில எழுத்தாளர் கார்லைலைப் பற்றிப் பேசினார். உழைத்துத் தயாரித்த பேச்சு. ஆனால் ஊராருக்கு வேறு கேள்விகள் இருந்தன. அங்கே தனியாக என்ன சாப்பிடுகிறார்? பயமாக இல்லையா? இருக்கிற வருமானத்தில் தான தருமத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்?

சந்தா கட்டியவர்கள் கேட்டால் தட்ட முடியுமா? 1847 பிப்ரவரி 10, புதன்கிழமை, குளக்கரையிலிருந்து வந்து தன் வாழ்க்கையைப் பற்றியே பேசினார். அடுத்த புதன்கிழமையும் மேடையேற வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு வளர்ந்து, திருத்தப்பட்டு, மறுபடி மறுபடி எழுதப்பட்டு, 1854 ஆகஸ்டில் ‘வால்டன்’ என்ற நூலாக வந்தது. ஊரார் கேட்டதால்தான் சொல்ல வந்தேன் என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். குளிர்காலத்தில் லைசியத்துக்குச் சந்தாவாகச் சேரும் 125 டாலரைவிட நன்றாகச் செலவாகும் தொகை ஊரில் வேறில்லை என்ற பாராட்டும் அதே நூலில் உண்டு. லைசியத்தை அரைப் பட்டினியாகப் போட்டு வைத்திருக்கிறார்களே என்ற குறையும் உண்டு.

குடில் வாழ்க்கையைப் பற்றிப் பேசியதற்கு மறு ஆண்டு, 1848 ஜனவரி 26. அதுவும் புதன்கிழமைதான். தலைவரி கட்ட மறுத்து 1846-ல் ஓர் இரவு சிறையில் கிடந்தது ஏன் என்று அண்டை வீட்டார் அறிய விரும்பினார்கள். அரசுக்கும் தனிமனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றி அன்று பேசினார். 1849-ல் அச்சேறிய அந்தப் பேச்சுதான் இன்று சட்டமறுப்புக் கட்டுரை என்று உலகம் அறிந்தது. 1907-ல் காந்தி அதைத் தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எடுத்துச் சொன்னார். 1903-ல் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய இதழ் அது. அந்த நாட்டுச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தமிழர் பலர். பனிக்கால மாலையொன்றில் கன்கார்டு ஊரார் கேட்ட பேச்சு அவர்கள் பக்கம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சோதனைக் காலம்

விழா மலர்களில் இந்தப் பகுதியை ‘சில கருத்து வேறுபாடுகள் தோன்றி மறைந்தன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மரபு. கன்கார்டில் அப்படி முடிக்க முடியாது.

அடிமை முறையை எதிர்த்துப் பேசுவதில் பெயர்பெற்றவர் வெண்டல் ஃபிலிப்ஸ். அவரை அழைக்கலாமா கூடாதா என்று 1842-லேயே லைசியத்தில் சண்டை வந்தது. அறிவு வளர்க்க வைத்த சங்கத்தில் அரசியல் எதற்கு என்றார்கள் ஒரு சாரார். நாங்களும் சந்தா கட்டியவர்கள்தானே, எங்கள் பணத்தில் எங்களையே குற்றம் சொல்ல ஆள் அழைப்பதா என்பது அதற்குள் இருந்த கேள்வி. 1845 மார்ச்சில் அவரை மறுபடி அழைக்கும் முடிவு வந்தபோது பொறுப்பாளர்கள் சிலர் விலகிக்கொண்டார்கள். அந்த இடங்களுக்கு எமர்சனும் தோரோவும் தேர்வானார்கள். மார்ச் 11 அன்று ஃபிலிப்ஸ் பேசினார். அந்தக் கூட்டத்தைப் பற்றித் தோரோ எழுதிய கடிதம் அடிமை ஒழிப்பு இதழான ‘லிபரேட்டர்’-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக நகரத்து லைசியம், கறுப்பின மக்களை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அங்கே பேச ஒப்புக்கொண்டிருந்த எமர்சனும் வழக்கறிஞர் சார்ல்ஸ் சம்னரும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சந்தாப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பேச்சாளரும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டணக் காலம்

மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் உண்டு. அந்த ஊர் லைசியத்தின் செயலாளராக 1848-ல் இருந்தவர் நாவலாசிரியர் நத்தானியல் ஹாதோர்ன். அவர் தோரோவை அழைத்துக் கடிதம் போட்டார். சன்மானம் 20 டாலர். (1877 பிப்ரவரி 12 அன்று அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டியதும் அந்தச் சேலத்து லைசியம் கூடத்தில்தான்.)

ரயில் போகப் போக லைசியமும் மேற்கே போனது. எமர்சன் கடுங்குளிரில் உறைந்து கிடந்த மிசிசிப்பி ஆற்றைக் கால்நடையாகவே கடந்து போய்ப் பேசியிருக்கிறார். ‘நாளுக்கு 50 டாலர் பந்தயம்; புத்தக அறையை விட்டுக் கிளம்பி இந்தக் குளிரில் அலைய மாட்டாய்’ என்று ஊர்க்காரர்கள் சவால் விடுவது போலவும், தான் அதை ஏற்றுக்கொண்டது போலவும் வேடிக்கையாக எழுதி வைத்தார்.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் ஜேம்ஸ் ரெட்பாத் பாஸ்டனில் பேச்சாளர்களுக்கான முகவர் நிலையம் ஒன்றைத் திறந்தார். ஊர்ச் செயலாளர் இனி ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். பேச்சாளருக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ரெட்பாத்துக்கு. 1869-ல் அவர் வழியாகச் சுற்றுப்பயணம் போன மார்க் ட்வைனுக்கு ஓரிரவுக்கு 100 டாலர் அளவில் கிடைத்தது.

போரில் விலைவாசி ஏறியிருந்தது உண்மைதான். இருந்தாலும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோரோ ஊருக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் வாங்கிக் கொடுத்த தொகை, இப்போது ஒரே இரவில் ஒரே ஆளுக்குப் போகிறது. மார்க் ட்வைன் அந்தப் பணத்துக்குச் சிரிக்க வைத்தே அனுப்பியிருப்பார், கொடுத்தவர்களுக்கு நட்டமில்லை. ஆனால் பெரிய பெயருக்குக் கூட்டம் சேரச் சேர, சின்னப் பெயருக்கு நாற்காலி காலியாகிறது. குளக்கரைக் குடிலில் என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல வரும் உள்ளூர் இளைஞருக்கு எந்த முகவர் பட்டியலில் இடம் கிடைக்கும்?

நூறாவது பேச்சு

1880 பிப்ரவரி 4. வழக்கம்போல் புதன்கிழமை. கன்கார்டு லைசியத்தில் எமர்சனின் நூறாவது பேச்சு அன்று. நியூ இங்கிலாந்தின் பழைய வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றியது.

அவருக்கு 76 வயது. நினைவு தப்பத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருள்களின் பெயர் நாவில் வராது. ஒருமுறை குடை என்ற சொல் கிடைக்காமல், வந்து போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடும் சாமான் என்று சொல்லிச் சமாளித்தாராம். பேசப் போகுமிடத்துக்கெல்லாம் மகள் எலன் துணைக்குப் போவார். பக்கம் தவறினால் எடுத்துக்கொடுக்க அருகிலேயே அமர்ந்திருப்பார்.

அந்த நிலையிலிருந்த ஒருவரை எந்த முகவரும் வெளியூருக்கு அனுப்பியிருக்க மாட்டார். புதிதாக ஏதும் கேட்கலாம் என்று நம்பி அன்று அந்தக் கூடத்துக்கு யாரும் வந்திருக்கவும் முடியாது. அங்கிருந்த பலர் நாற்பது ஆண்டுகளாக அவரைக் கேட்டு வந்தவர்கள். சிலர் தங்கள் தகப்பனார் கட்டிய சந்தாவில் பையன்களாக வந்து பின்வரிசையில் தூங்கிப் போயிருக்கக்கூடியவர்கள். எமர்சன் உள்ளே வந்தபோது கூடம் முழுவதும் எழுந்து நின்றது.

பிறகு உட்கார்ந்து, அவர் காகிதங்களைப் புரட்டும் வரை காத்திருந்து, கேட்டார்கள்.