தொழிற்பயிற்சித் தரவிணைப்பு: கல்முனைக் கரையோரம்

பயிற்சி முடித்தவர் பிறகு என்ன வேலை பார்க்கிறார் என்று அறிய, கல்விப் பதிவுகளை வேலைப் பதிவுகளோடு பொருத்திப் பார்க்கும் முறையே தரவிணைப்பு. எந்தப் பாடநெறி வேலை தருகிறது, எது வெறும் சான்றிதழோடு நின்றுவிடுகிறது என்பது இதில் தெரியவரும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மாணவர் பதிவைச் சம்பளப் பதிவோடு இணைக்கிறார்கள்.

இலங்கையில் தொழிற்பயிற்சித் துறையை ஒழுங்குபடுத்துவது, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. சான்றிதழையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் அடையாள அட்டை இலக்கத்தால் இணைக்கலாம் என்பது கேட்க நல்ல யோசனைதான்.

அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பக்கம் அது அரைவாசிதான் பலிக்கும். மருதமுனையில் வீட்டுத் தறியில் சாரன் நெய்பவருக்கும், சாய்ந்தமருதுக் கரையில் தோணி தள்ளுபவருக்கும் பெரும்பாலும் சேமலாப நிதி கிடையாது. கட்டாருக்குப் போன மேசனின் பெயர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஏட்டில் இருக்கும். சேமலாப நிதியை மட்டும் பார்த்தால் இம்மூவரும் வேலையற்றோர்! பணியகப் பதிவையும் பிரதேச செயலகத் தகவலையும் சேர்க்காத இணைப்பு இவ்வூர்களுக்கு உதவாது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஊழியர்படை அளவீடும் இந்த இடைவெளியை நிரப்பாது; அது மாவட்ட மட்டத்தில் வெளியாகிறது. அதில் கரையோரக் கல்முனையும் உட்பகுதி உகணையும் அம்பாறை என்ற ஒரே வரியில் வருகின்றன.