சுவரில் எழுந்த எழுத்து

ஜான் மார்ட்டின் என்னும் ஆங்கிலேயச் சித்திரக்காரர் 1789-இல் எளிய குடும்பத்திற் பிறந்தவர். வண்டிகளுக்கு வர்ணந் தீட்டும் தொழிலிற் பயின்றவர். 1821-இல் லண்டனில் அவர் காட்சிக்கு வைத்த 'பெல்ஷாத்சாரின் விருந்து' என்னும் ஓவியத்தைக் காணத் திரண்ட கூட்டத்தைத் தடுக்கத் தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. 1826-இல் அதனைத் தாமே எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டார்.

இம்முறையில் தகடு முழுவதையும் பற்கள் கொண்ட கருவியால் முதலிற் சொரசொரப்பாக்குவர். அப்படியே அச்சிட்டால் காகிதம் முழுதும் கருமையாகும். பின்னர் வெளிச்சம் வேண்டுமிடங்களைச் சுரண்டி மெருகிடுவர். இருளிலிருந்து ஒளியைச் சிறிது சிறிதாக மீட்கும் வேலை அது. செம்பினும் வலிய எஃகு மிகுதியான பிரதிகளைத் தாங்கும். ஆதலின் அச்சித்திரம் பலர் இல்லங்களுக்கும் சென்றது.

கதை கிறிஸ்தவ வேதாகமத்தில் தானியேலின் புத்தகத்தில் உள்ளது. பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார், எருசலேம் ஆலயத்திற் கொள்ளையிட்ட பாத்திரங்களில் மது அருந்துகிறான். ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. அரண்மனைச் சோதிடர் வாசிக்க இயலாது விழிக்கின்றனர். யூதேயாவிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட தானியேலே அதனை வாசித்து, அரசின் முடிவு நெருங்கியதென அஞ்சாது உரைக்கிறான். மார்ட்டினின் சித்திரத்தில் எழுத்துச் சுடர்விட, கரிய உடையுடன் அவன் நிற்கிறான்.

நமது பினாங்குக்கும் அக்காலத் தகட்டுச் சித்திரக் கலைக்கும் தொடர்புண்டு. அதே 1821-இல், கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டிய இத்தீவின் காட்சிகளை வில்லியம் டேனியல் தகட்டுச் சித்திரங்களாக்கி லண்டனில் வெளியிட்டார். அந்த ஸ்மித்துடன் தொடர்புடையதே, 1819-இல் அர்ப்பணம் செய்யப்பெற்று இன்றும் ஃபார்க்குவார் தெருவில் நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதனை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். தானியேலின் கதையை அடக்கிய வேதம் அங்கே ஓதப்பட்டது. அந்தச் சுவர்களைக் கட்டியவருள் எத்தனை பேர் அதனை வாசித்திருக்க இயலும்?

அவர்களுக்குப் பின், தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரிலும், தம்மைக் கட்டிய சீட்டைத் தாமே வாசிக்க இயலாதோர் அநேகர். அம்முறைக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது.

தானியேலுக்குத் துணை நின்றது தெய்வ அருள் என்று வேதம் கூறும். அதனோடு நாம் வாதிடவில்லை. ஆயினும் அவன் இளமையிலேயே கல்தேயரின் மொழியும் எழுத்தும் கற்றவன் என்றும் அதே புத்தகம் கூறுகிறது. அயல் மண்ணிற் பிழைப்பவனுக்கு அரண்மனை சொந்தமில்லை, சுவரும் சொந்தமில்லை. எழுத்து ஒன்றே அவன் சொந்தமாக்கிக் கொள்ளக்கூடியது. நம் பிள்ளைகளுக்கு அதனை மறுப்போமாயின், நம்மைப் பற்றிய எழுத்தைப் பிறர் வாசித்துச் சொல்லக் காத்திருப்போம்.