வலிப்பு வந்தா சாவியைத் தேடாதீங்க... ஸ்டாப்வாட்சை ஆன் பண்ணுங்க!

டியூஷன் முடிஞ்சு பஸ்ஸுக்காக நிற்கிறீங்க. பேசிக்கொண்டிருந்த நண்பன் திடீரெனச் சரிந்து விழுகிறான். கை, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. "யார்கிட்டயாவது சாவி இருக்கா?" என்று ஒரு குரல். சிலர் பயந்து விலகுகிறார்கள். இன்னும் சிலர் போனை எடுத்து வீடியோ எடுக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் நீங்க யார்?

சாவியின் ரகசியம்

பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடிப்பிடித்துக் கையில் திணிப்பதற்குள் வலிப்பும் அடங்கியிருக்கும். பேர் மட்டும் இரும்புக்குப் போய்விடுகிறது!

மூளை செல்கள் மின் சமிக்ஞைகளால்தான் பேசிக்கொள்கின்றன. அதில் திடீரென ஏற்படும் கட்டுக்கடங்காத தூண்டலே வலிப்பு. இது தொற்றாது, மனநோயும் இல்லை, பேயும் இல்லை.

எல்லா வலிப்பிலும் கை, கால் இழுக்காது. வகுப்பில் சில விநாடிகள் அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழுதத் தொடங்குவதும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அதைக் 'கனவு காண்கிறான்' என்று திட்டிவிடுகிறோம்.

என்ன செய்யணும்?

* போனை எடுங்க. வீடியோவுக்கு இல்ல, நேரம் பார்க்க.
* பக்கத்தில் இருக்கும் கல், பெஞ்ச் போன்றவற்றை நகர்த்துங்க. தலைக்கு அடியில் பையோ துணியோ வையுங்க.
* கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, ஒருபக்கமாகப் படுக்க வையுங்க. எச்சில் வெளியே வழிந்துவிடும்.
* கை, காலை அழுத்திப் பிடிக்காதீங்க. வாயில் எதையும் வைக்காதீங்க. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் வேண்டாம்.
* 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, இதுதான் முதல்முறை என்றாலோ, 108-ஐ அழையுங்க.

அதுக்கு அப்புறம்தான் முக்கியம்

கண் விழிக்கும்போது அவனுக்கு எதுவும் புரியாது. சிறுநீர்கூடப் போயிருக்கலாம். கூட்டத்தைக் கலைச்சுவிட்டு, ஒரு துணியால் மூடி, "ஒண்ணும் இல்லடா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்க.

மறுநாள் 'காக்கா வலிப்பு' என்று பட்டப்பெயர் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அவன் மாத்திரையை மறைக்கத் தொடங்குவான். டூர் போன இடத்தில், நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்று போடாமலே விடுவான். மாத்திரையைத் தவறவிடுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பை மறுபடி வரவழைக்கும். ஆக, உங்க ஜோக் வெறும் ஜோக் இல்லை. அடுத்த வலிப்புக்கான காரணமாகவே மாறலாம்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பறந்து பறந்து ஃபீல்டிங் செய்த தென்னாப்பிரிக்க வீரர் ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு நோய் உண்டு.

ஒருகாலத்தில் இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டமே மாறிடுச்சு... நம்ம கிளாஸ்ரூம் மாற வேண்டாமா?

நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த முதலுதவியை இன்னைக்கே உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. அந்த குரூப்பிலேயே, யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போடும் ஒரு ஃபிரெண்ட் இருக்கலாம்.