ஒரு கார்டு, ஒரு கடிதம், ஒரு கையெழுத்து



கொஞ்ச நாள் முன்னாடி ஓ.பி.யில் முழங்கால் வலின்னு ஒரு பெரியவர் வந்தார். "சின்ன வயசுல ரொம்ப ஓடியிருப்பீங்களோ ஐயா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சுக்கிட்டே மஞ்சப்பையில் இருந்து பழைய போஸ்ட் கார்டு ஒன்றை எடுத்தார். ஹாக்கி டீமில் அவரைச் சேர்த்திருப்பதாகக் கோச் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டது. கோவில்பட்டி ஹாக்கி ஊராச்சே!

"நான் விளையாடுனதுக்கு இது ஒண்ணுதான் சார் சாட்சி" என்றார்.

அந்த வார்த்தை மனசுல நின்னுடுச்சு. அதனால்தான் இந்த த்ரெட்.

அமெரிக்காவில் பேஸ்பாலைத்தான் தேசிய விளையாட்டு போலக் கொண்டாடுவார்கள். ஆனால் கறுப்பின வீரர்களுக்குப் பெரிய லீக்குகளில் இடம் கிடையாது. 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பின வீரர் முன்னின்று தனி லீக் தொடங்கினார். பெரிய லீக்கின் கதவு 1947இல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் திறந்தது.

அதுவரை ஆடியவர்களின் கணக்கைப் பெரிய லீக் தன் ஏட்டில் எழுதவில்லை. அதனால்தான் அந்த வீரர்கள் எழுதிய கடிதங்களையும் போட்ட ஆட்டோகிராஃப்களையும் இன்று பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள். ஆய்வாளர்கள் பல வருஷம் பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஸ்கோர்களைச் சேகரித்தார்கள்.

பலன்? 2024இல் அந்தக் கணக்குகள் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தன. பேட்டிங் சராசரியில் டை காப்பைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவர் ஜாஷ் கிப்சன். அவர் இறந்தது 1947 ஜனவரியில். 77 வருஷம் கழிச்சுக் கிடைத்த நியாயம்!

"அது அமெரிக்கா டாக்டர், நம்ம ஊர்ல?" என்று கேட்பீங்க. வாங்க, பம்பாய் போவோம்.

பல்வங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் பிட்ச் உருட்டும் வேலை. மாசம் 4 ரூபாய் சம்பளம். வலைப் பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து போட்டுப் போட்டே அபாரமான இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார்.

இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் எல்லோரும் தொட்டது ஒரே பந்துதான். ஆனால் டீ இடைவேளையில் மற்றவர்களுக்கு பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடிச்சுட்டுத் தூக்கிப்போடும் மண் குவளை.

1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்து அணியின் கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அமெரிக்காவில் தனி லீக் தொடங்கிய அதே 1920. பம்பாய் நாற்கோணப் போட்டியில் பாலுவை நீக்கினார்கள். அவருடைய தம்பி விட்டல் மூத்த ஆட்டக்காரர். அவரைத் தாண்டி இளையவர் ஒருவருக்குக் கேப்டன் பொறுப்பு போனது.

விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகல. சாதி பார்த்து ஒதுக்குவது எங்கள் சுயமரியாதைக்கு இழுக்கு என்று பகிரங்கமாக எழுதிக் கொடுத்தார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசியது.

அடுத்த ஆட்டத்துக்குத் தம்பிகள் திரும்ப வந்தார்கள். பாலு துணைக் கேப்டன்! 1923இல் விட்டல் கேப்டனாகி, இந்து அணி கோப்பையை வென்றது.

விட்டல் 1948இல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்த வீட்டுக்குள் நடந்ததெல்லாம் இன்று நமக்குத் தெரிவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

ஆஸ்பத்திரியில் நாங்க அடிக்கடி சொல்வது இது: கேஸ் ஷீட்டில் எழுதாத சிகிச்சை, கொடுக்காத சிகிச்சைக்குச் சமம். வரலாறும் அப்படித்தான் சொந்தங்களே. ஒதுக்கி வைத்தவர்கள் ஏட்டில் எழுத மாட்டார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் எழுதியதும், பத்திரமா வச்சதும்தான் மிச்சம்.

உங்க வீட்டுப் பரணில் தாத்தாவோட கார்டோ, சித்தப்பா வாங்கின சர்டிபிகேட்டோ கிடந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுடாதீங்க. போட்டோ எடுங்க. எந்த வருஷம், எந்த ஊர், யார் எழுதினதுன்னு இன்றைக்கே கேட்டுக் குறிச்சு வைங்க. நாளைக்குக் கேட்க அவங்க இருக்கணுமே.

பெரியவருக்கு மாத்திரையும், தொடைத் தசைக்குப் பயிற்சியும் சொன்னேன். கார்டை அவரோட போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தேன். "பேரனுக்கு அனுப்பிருங்க ஐயா" என்றேன்.