பேன்ஸ்-நே

பேன்ஸ்-நே என்பது காதில் மாட்டும் கம்பி இல்லாமல், மூக்குத் தண்டைக் கவ்வி நிற்கும் மூக்குக்கண்ணாடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி முதல் உலகப் போர்வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெருவழக்காக இருந்தது.

பெயர்: பிரெஞ்சு மொழியில் 'பேன்ஸே' என்றால் கிள்ளுதல், 'நே' என்றால் மூக்கு. ஆங்கிலேயர் இப்பெயரை எழுத்து மாறாமல் ஏற்றனர். ரஷ்யர் 'பென்ஸ்னே' என்று தம் எழுத்தில் எழுதிக்கொண்டனர். ஜெர்மானியர் கிள்ளுவது என்ற பொருளில் 'ட்ஸ்விக்கர்' எனத் தம் சொல்லாலேயே குறித்தனர்.

முன்னோடிகள்: 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிய முதல் மூக்குக்கண்ணாடிகளுக்கும் காதுக்கம்பி கிடையாது. கைப்பிடியுள்ள இரண்டு வில்லைகளை ஆணியால் இணைத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டார்கள். 1352இல் டொமாஸோ தா மோதெனா திரேவிஸோ நகரில் தீட்டிய சுவரோவியத்தில் ஒரு கர்தினால் இப்படிப்பட்ட கண்ணாடியுடன் காணப்படுகிறார். காதுக்கம்பி 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

அமைப்பு: தொடக்க வகையில் இரு வில்லைகளையும் வளைந்த உலோக வில் ஒன்று இணைத்தது. இரண்டையும் விலக்கி மூக்கில் வைத்தால் வில்லின் விறைப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் வில் விரியும்போது வில்லைகளும் சற்றே திரும்பிவிடும். பார்வைச் சிதறல் உள்ளவர்களுக்கான உருளை வில்லை குறித்த கோணத்தில் நிற்க வேண்டும்; கொஞ்சம் திரும்பினாலும் பார்வை மங்கும். இதைத் தீர்க்க, கிடைமட்டச் சட்டத்தில் வில்லைகள் நேராக விலகி நெருங்கும் சுருள்வில் வகை வந்தது. வில்லைகளை இணைக்கும் பாலம் அசையாமல், விரலால் அழுத்தினால் மூக்குப் பட்டைகள் மட்டும் விரியும் வகையை ஒரே கையால் அணியலாம். வழுக்காமலிருக்கப் பட்டைகளில் தக்கை வைத்ததும் உண்டு. விழுந்து உடையாமலிருக்கக் கயிறோ மெல்லிய சங்கிலியோ கட்டி, சட்டைப் பொத்தானிலோ காதுக் கொக்கியிலோ மாட்டினார்கள்.

அணிந்தோர்: எழுத்தாளர் செகாவும் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் பேன்ஸ்-நே அணிந்தவர்கள். 1904இல் கானன் டாயில் எழுதிய கதையொன்றில் ஷெர்லக் ஹோம்ஸ், கிடைத்த பேன்ஸ்-நேயை வைத்தே அதற்குரியவரின் அடையாளங்களைச் சொல்கிறார். 1925இல் வெளிவந்த ஐசென்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' படத்தில், கடலில் தூக்கியெறியப்பட்ட கப்பல் மருத்துவரின் பேன்ஸ்-நே கயிற்றில் தொங்குகிறது.

மறைவு: முதல் உலகப் போருக்குப்பின் காதுக்கம்பியுள்ள கெட்டிச் சட்டங்கள் பரவின. நழுவுவதும், மூக்கில் தழும்பு விழுவதும் பேன்ஸ்-நேயின் தீராத குறைகளாகவே நின்றன. இளைஞர்கள் கைவிட்டதும் அது முதியவர்களின் அடையாளமாயிற்று. மற்றொரு அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை அணிந்து 1940களிலும் படங்களில் தோன்றினார். அப்போதே அது பழைய பாணியாகிவிட்டிருந்தது.